தங்கள் கருத்துக்கு நன்றி, தொடர்ந்து இணைந்திருங்கள்

என் இணையதளத்தை உலகத்தில் இரண்டே பேர்தான் ஒழுங்காகப் படித்தார்கள். ஒருவன் நான், இன்னொருத்தி என் மனைவி. இதுபோக ஒரு நாற்பது பேர் வருவார்கள், விளையாடுவார்கள், திட்டுவார்கள், போவார்கள். அந்த நாற்பது பேரும் நல்லவர்கள். அவர்களை யாரும் வளர்க்கச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை.

பகலில் நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, 'இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா' என்று கேட்பது என் பிழைப்பு. மாலையில் வீட்டுக்கு வந்தால் பழைய வீடியோ கேம்கள். திரையில் மனிதன் என்று சொல்லி எட்டு சதுரத்தை அடுக்கிக் காட்டுவார்களே, அந்தக் காலத்து கேம்கள். அவற்றுக்கு வரைபடம் போடுவேன், குறுக்குவழி எழுதுவேன், சிலவற்றைத் தளத்திலேயே விளையாட வைத்திருப்பேன். அதில் முக்கியமானது 'நிலவறை நரி'. ஒரு நரி, பல அறைகள், நிறைய சாவிகள், துரத்துகிற ஒரு வௌவால், இரண்டாவது அறையில் ஒரு குழி. அதைச் செய்த நிறுவனம் எப்போதோ கடையைக் கட்டும்போது, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகத் திறந்துவிட்டுப் போயிருந்தது. அந்தப் பெருந்தன்மை என்ன பாடு படுத்தப்போகிறது என்று பாவம் அவர்களுக்குத் தெரியாது.

தளத்தில் முதன்முதலாக எனக்கு வந்த கமெண்ட் இது: 'மூன்றாவது அறையில் கதவு இடது பக்கம். நீங்கள் வலது பக்கம் போட்டிருக்கிறீர்கள். உங்களை நம்பிப் போய்ச் செத்தேன்.' நான் விடவில்லை. வலதுதான் என்று பக்கம் பக்கமாக வாதாடினேன். அவள் பொறுமையாக அடித்து நொறுக்கினாள். கடைசியில் இடதுதான் என்று ஒப்புக்கொண்டேன், பிறகு அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். அன்று 'நீங்க' என்று ஆரம்பித்தவள் இன்றுவரை அதை மாற்றவில்லை. திட்டும்போதுகூட மரியாதை குறையாமல் திட்டுவாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் வேலை. நான் வீட்டுக்கு வரும்போது அவள் கிளம்பியிருப்பாள், அவள் வரும்போது நான் போயிருப்பேன். உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது. கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் ஊரில் இருக்கிற எல்லாத் தளத்தையும் தடை செய்து வைத்திருந்தார்கள். என் தளத்தை மட்டும் தடை செய்யவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் நரிப் பக்கத்தின் கமெண்ட் பகுதியில்தான் நாங்கள் குடித்தனம் நடத்தினோம். அங்கே யாரும் பெயர் போட வேண்டியதில்லை, எங்களுக்கும் தேவைப்படவில்லை. 'வரும்போது தக்காளி.' 'கேஸ் சொல்லியாச்சா?' 'சாவியை மறந்துட்டுப் போயிட்டீங்க, கதவுக்கு மேல வெச்சிருக்கேன்.' சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான். குழந்தை இல்லை என்கிற பேச்சை நாங்கள் வீட்டுக்குள் எடுப்பதில்லை. எடுத்தால் இருவரில் ஒருவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவோம். அங்கே மட்டும், நரிக்குக் கீழே, 'அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போகணும்' என்று அவள் எழுதுவாள், 'சரி' என்று நான் எழுதுவேன். அந்த 'சரி'க்குள் எவ்வளவோ இருந்தது.

வருடத்துக்கு ஒரு தடவை தளத்தின் பிறந்தநாளில், 'இந்த வருடம் வளர்ந்ததும் சறுக்கியதும்' என்று ஒரு குறிப்பு எழுதுவேன். இரண்டு கேம் புதிதாகச் சேர்ந்தது, ஒரு வரைபடம் தப்பாகிப்போனது, கடையைக் கூட்டுகிற அக்கா அங்கே நான் வைத்திருந்த சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டார் என்று எழுதுவேன். இந்தக் குறிப்பு என் மைத்துனன் கண்ணில் பட்டதுதான் வினை.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. நல்லவன். ஆனால் எந்த அலுவலகத்தில் எந்த விண்ணப்பம் கொடுத்தாலும் இரண்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

"மாமா, பொழுதுபோக்கு இணையதள வளர்ச்சி வாரியம்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. பதிஞ்சு வெச்சா அவங்க சர்வர்லயே இடம் கொடுப்பாங்களாம். இனிமே பிளக்க எவனும் புடுங்க முடியாது."

"எனக்கு எதுக்குடா வளர்ச்சி?"

"சும்மா வர்றத ஏன் மாமா விடணும்?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கையெழுத்துப் போட்டேன்.

முதல் வருடம் வளர்ச்சி அதிகாரி வீட்டுக்கே வந்தார். மெலிந்த மனிதர். எதைச் சொன்னாலும் ஆள்காட்டி விரலால் காற்றில் கீழிருந்து மேலாக ஒரு கோடு போடுவார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட ஆமாம் என்று அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டுவார். என் மனைவி அவருக்கு அன்றே 'ஏறுகோடு' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"போன வருஷம் எத்தன பேர் சார் வந்தாங்க?"

"ஒரு நாப்பது பேர்."

"இந்த வருஷம்?"

"நாப்பது பேர்."

பேனாவை மூடினார். "அதே ஆளுங்களா?"

"ஆமா. அவங்களுக்குப் பிடிச்சிருக்கு, வர்றாங்க."

"அதுக்குப் பேரு பழக்கம் சார். வளர்ச்சி இல்ல." முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "சரி, பின்னடைவாவது இருக்கா? வளர்ச்சி ஒண்ணு, பின்னடைவு ஒண்ணு கட்டாயம் காட்டணும். பின்னடைவே இல்லாத தளம் எதையோ மறைக்குதுன்னு அர்த்தம்."

எனக்கு உற்சாகமாகிவிட்டது. பிளக் கதையை விவரமாகச் சொன்னேன்.

"முன்அனுமதி வாங்கினீங்களா?"

"பிளக்க புடுங்குறதுக்கா?"

"பின்னடைவுக்கு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சமையலறைக் கதவருகே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அனுமதி இல்லாத பின்னடைவ நாங்க கணக்குல எடுக்க முடியாது சார். அப்புறம் ஆளாளுக்கு நெனச்ச நேரத்துல பின்னடைஞ்சிட்டுப் போவாங்க. வருஷ ஆரம்பத்துல விண்ணப்பிச்சு, தேதி வாங்கி, அந்தத் தேதியில பின்னடையணும். அடுத்த வருஷம் அதச் சரிபண்ணிட்டோம்னு நாங்க அறிக்கை கொடுக்கணும்ல? அதனால சரிபண்ணக்கூடியதா, சின்னதா, நல்லதா ஒண்ணு யோசிச்சு வைங்க."

அந்த வாரம் முழுவதும் நானும் அவளும் நரிப் பக்கத்தில் நல்ல பின்னடைவாக யோசித்தோம். 'எழுத்தின் நிறத்தைக் கண் கூசும் பச்சையாக மாற்றிவிடலாம்' என்றாள். விண்ணப்பித்தோம். அனுமதி வந்தது. குறித்த தேதியில் பச்சையாக்கினேன். அடுத்த வருடம் கறுப்பாக்கினேன். மிகச் சிறந்த மீட்சி என்று சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினோம், குளியலறைக்கு எதிரே. அதுவரை எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த இரண்டாம் வருடமே தளம் முழுவதும் வாரியத்தின் சர்வருக்குப் போனது. அங்கே போனபிறகுதான், ஒவ்வொரு 'தொல்விளையாட்டுக்கும்' தரச் சான்று வேண்டும் என்றும், சான்று தருகிற குழு அந்த கேமை முழுவதும் விளையாடி முடித்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருப்பது தெரிந்தது. நல்ல விதி. நானே அதைப் பாராட்டினேன். குழுவில் ஏழு பேர், அதற்கு வாரியத் தலைவரே தலைமை. என்னை விளக்கம் சொல்ல அழைத்திருந்தார்கள்.

மாநாட்டுக் கூடத்தில் சுவர் அளவுக்குத் திரை. தலைவர் நாற்காலியில் சாய்ந்து, கையில் கட்டுப்பாட்டுப் பெட்டியை மைக் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். நரி ஓடியது. முதல் அறை முடிந்தது. ஏழு பேரும் கை தட்டினார்கள். இரண்டாவது அறையில் நரி நேராகப் போய்க் குழியில் விழுந்தது.

"இது என்ன?" என்றார் தலைவர்.

"குழிங்க ஐயா. தாண்டணும். அந்தச் சிவப்பு பட்டன்."

மறுபடி விழுந்தது. மறுபடியும். மூன்று உயிரும் போய்த் திரையில் 'ஆட்டம் முடிந்தது' என்று வந்தது. ஏழு பேரும் அதற்கும் கை தட்டினார்கள். முடித்துவிட்டார் என்று நினைத்தார்களாம்.

அன்று மாலைவரை விழுந்துகொண்டே இருந்தார். மறுநாளும் விழுந்தார். மூன்றாவது கூட்டத்தில் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து பேசினார். அந்தப் பேச்சு வாரியத்தின் மலரில் முழுவதும் வந்திருக்கிறது.

"நண்பர்களே, நான் இந்தப் பொறுப்புக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் என் பாதையில் ஒரு குழியைக்கூட நான் பார்த்ததில்லை. நான் வருவதற்கு முன்பே யாராவது நிரப்பியிருப்பார்கள். அப்படி எனக்கே தாண்ட முடியாத ஒரு குழியை ஒரு சாதாரணக் குடிமகன் எப்படித் தாண்டுவான்? தாண்டினால் அது முறையா? இன்னொன்று கேட்கிறேன். அந்த நரிக்கு மூன்று உயிர் என்று யார் தீர்மானித்தது? எந்தக் கூட்டத்தில்? அந்த வௌவால் நமக்கு எதிரி என்று சொல்கிறார்கள். அதனோடு ஒருமுறையாவது பேச்சுவார்த்தை நடத்தினோமா?"

குழியை மூட உத்தரவு வந்தது. மூடினேன். உயிர்களுக்கு வரம்பு கூடாது என்று உத்தரவு வந்தது. நீக்கினேன். வௌவால் இனி இறக்கையை மடக்கி வணக்கம் சொல்ல வேண்டும் என்றார்கள். அதற்கு மட்டும் இரண்டு வாரம் வேலை இழுத்தது. கடைசியில் நரி இடது ஓரத்தில் கிளம்பி, கதவுகள் தானாகத் திறக்க, வழியெல்லாம் வணக்கம் வாங்கிக்கொண்டு, வலது ஓரம் போய்ச் சேரும். அங்கே இசை முழங்கும். தலைவர் கேமை வென்றார். சான்று வழங்கப்பட்டது.

என் நாற்பது பேர் இருந்தார்களே, அவர்கள் போய்விட்டார்கள். பல் டாக்டர் ஒருவர் ஆரம்பத்திலிருந்து வருகிறவர், 'இதை என் நோயாளிகளுக்கு மயக்க மருந்துக்குப் பதிலாகக் கொடுக்கலாம்' என்று எழுதிவிட்டுக் கடைசியாகப் போனார்.  ஏறுகோட்டிடம் போய்ச் சொன்னேன்.

"நாப்பது பேரும் போயிட்டாங்க சார்."

"அருமை." விரல் மேலே போனது. "இப்ப பூஜ்யத்துல இருக்கீங்க. இங்கேர்ந்து எங்க போனாலும் வளர்ச்சிதான்."

வீட்டுக்கு வந்து நரிக்குக் கீழே எழுதினேன்: 'எல்லாம் போச்சு.' கொஞ்ச நேரத்தில் பரிசோதனைக் கூடத்திலிருந்து பதில் வந்தது: 'நான் இருக்கேன்ல. சாப்பிட்டுத் தூங்குங்க. பாலை ஃப்ரிட்ஜ்ல வைங்க.' அது போதும் என்று இருந்தது எனக்கு.

அதுவும் பொறுக்கவில்லை அவர்களுக்கு.

மூன்றாம் வருடம் வாரியம் தளத்தின் 'பயனர் ஈடுபாட்டை' ஆராய்ந்தது. ஆராய்ச்சியின் முடிவில் தலைவர் என்னை அழைத்து, எழுந்து நின்று கை கொடுத்தார். 

"எங்களிடம் எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஓவியம், ஒன்றில் தோட்டம். எங்கேயும் பயனர்கள் 'சூப்பர்' என்பதற்குமேல் எழுதுவதில்லை. ஆனால் உங்கள் நரிப் பக்கத்தில்..." ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "'வரும்போது தக்காளி.' இரண்டே சொல். எத்தனை ஆழம்! யார் வருகிறார்? எங்கிருந்து? ஏன் தக்காளி? வாசகன் தவிக்கிறான். 'நேத்து சொன்னது மறந்துடுங்க.' என்ன சொன்னார் என்று கடைசிவரை சொல்லவில்லை. இதுதான் ஈடுபாடு."

"ஐயா, அது நானும் என் வீட்டுக்காரியும்."

"அடக்கம்," என்றார் ஏறுகோட்டைப் பார்த்து. "பெரியவர்களுக்கு இது இருக்கும்."

வாரியத்தின் மேல்மாடியில் ஒரு பிரிவு தொடங்கினார்கள். நானூறு பேர். 'கருத்தாளர்கள்' என்று பதவி. பழைய கமெண்ட்டுகளை எல்லாம் அச்சடித்துக் கொடுத்துப் பாடம் நடத்தினார்கள். காலை முதல் மாலை வரை உட்கார்ந்து நரிக்குக் கீழே குடித்தனம் நடத்துவது அவர்கள் வேலை. வாரத்துக்கு ஒரு பொருள் கொடுப்பார்கள்: ஒரு வாரம் காய்கறி, ஒரு வாரம் மாமியார், ஒரு வாரம் தொலைந்த சாவி.

முதல் வாரமே எங்கள் வீட்டில் தக்காளி குவிந்தது. அவளுக்கு வந்த கமெண்ட்டைப் பார்த்து அவள் வாங்கினாள், எனக்கு வந்ததைப் பார்த்து நான் வாங்கினேன். இரண்டையும் நாங்கள் எழுதவில்லை. 'இனிமே முதல்ல ஏங்கன்னு போடுறேன், அப்படி இருந்தா நான்' என்றாள். இரண்டு நாளில் மேல்மாடி முழுவதும் என்னை 'ஏங்க' என்று கூப்பிட ஆரம்பித்தது. அதில் பாதிப் பேருக்கு மீசை உண்டு, நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் நிஜமாகவே சண்டை வந்தது. அவளுடைய சம்பளத்தில் வாங்கிய மின்விசிறியை நான் சரியாக மாட்டவில்லை என்று. அவள் நாலு வரி எழுதினாள், நான் ஆறு வரி எழுதினேன். மதியத்துக்குள் இருநூறு பேர் அவள் பக்கம், நூற்றைம்பது பேர் என் பக்கம். ஒருத்தர் என் மாமியாராக வந்து, 'என் பெண்ணிடம் நான் அன்றைக்கே இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றேன்' என்று எழுதினார். நிஜ மாமியார் போன் செய்து, "நான் எழுதலை மாப்ள, ஆனா அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார். வருகை ஆயிரம் மடங்கு ஏறியிருப்பதாக ஏறுகோடு தகவல் அனுப்பினார். விரலைப் படம் எடுத்தும் அனுப்பினார்.

"நாம வேற எங்கயாவது பேசலாம்," என்றேன் அவளிடம்.

"எங்க? நீங்க இருக்கும்போது நான் இல்ல. அங்க ஒண்ணுதான் நமக்கு இருந்துச்சு. அதையும் எடுத்து ஊருக்குத் திறந்து விட்டுட்டீங்க," என்றாள். 

தளத்தைத் திருப்பிக் கேட்டு வாரியத்துக்குப் போனேன். வளர்ந்த தளத்தைத் திருப்பிக் கொடுக்க விதியில் இடமில்லை, தேய்ந்த தளத்தை வேண்டுமானால் கொடுக்கலாம் என்றார்கள். "தேய வைக்கிறேன்," என்றேன். அதற்கு முன்அனுமதி வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரம்தான் அது நடந்தது.  அவள் தன்னுடைய ரத்தத்தைத் தானே எடுத்து, தானே பரிசோதித்து, முடிவைத் தானே பார்த்தாள். பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, பழக்கம் விடவில்லை, நரிக்குக் கீழே எழுதினாள்:

'ஏங்க, ரிப்போர்ட் வந்திடுச்சு. இந்தத் தடவை உண்டு. ரெண்டு தடவை செஞ்சு பாத்துட்டேன். கை நடுங்குது. கதவு இடது பக்கம்தான்னு நீங்க ஒத்துக்கிட்ட அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு எனக்கு. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்.'

அடுத்த நொடி, கீழே, என் பெயரில், என் படத்தோடு பதில் வந்தது: 'தங்கள் கருத்துக்கு நன்றி. தொடர்ந்து இணைந்திருங்கள்.'

நான் எழுதவில்லை. 'நிறுவனர் பதில்' என்று அன்று காலையில்தான் வாரியம் தானியங்கி ஒன்றை வைத்திருந்தது. எல்லாருக்கும் அதே பதில். ஆனால் அந்தக் கமெண்ட்டை நான் படித்தேன். கடையில், ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டே படித்தேன். அந்த வாரத்துப் பொருள் 'வீட்டில் நல்ல செய்தி'. ஏற்கெனவே எண்பது பேர் கர்ப்பமாக இருந்தார்கள். கதவு விஷயமும் பழைய கமெண்ட்டில் இருப்பதுதான், மேல்மாடியில் எல்லாருக்கும் அது மனப்பாடம். எவனோ கை தேர்ந்தவன் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். நன்றாக எழுதுகிறானே என்று பொறாமையாகக்கூட இருந்தது. நமக்கு இப்படி ஒன்று வரவில்லையே என்று போனை மூடி வைத்துவிட்டு, "ஐயா, இது தெளிவா இருக்கா?" என்றேன்.

வீட்டில் அவளைப் பார்த்தபோது, "சாப்டியா?" என்று கேட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். தளத்தால் வந்த கோபம், தானாக ஆறும் என்று இருந்தேன். ஆறவில்லை. 'என்ன கோபம் சொல்லு' என்று நரிக்குக் கீழே எழுதினேன். முந்நூறு காரணம் வந்தது. எல்லாமே பொருத்தமாகத்தான் இருந்தது.

வருட முடிவில் வாரியத்துக்கு விழா. ஆண்டின் சிறந்த வளர்ச்சி, என் தளம். குடும்பத்தோடு வர வேண்டும் என்று உத்தரவு. மைத்துனன் அக்காவை எப்படியோ இழுத்துக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்காரவைத்திருந்தான். தளர்வான சட்டையைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் மேடையில், பொன்னாடைக்குள்.

தலைவர் பேசினார். "குழியை மூடினோம், வருகை பெருகியது. உயிர்களைப் பெருக்கினோம், எவரும் சாகவில்லை. விளையாட யாரும் வருவதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். விளையாட்டுத் தளத்தில் விளையாட்டை எதிர்பார்ப்பது பழைய சிந்தனை." கை தட்டல். "இப்போது ஆண்டின் சிறந்த கருத்துக்கான பரிசு. இதைப் படித்துவிட்டு நான் என் அறையில் தனியாக அழுதேன். எங்கள் பயிற்சியின் வெற்றி இது." கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தார். 'ஏங்க, ரிப்போர்ட் வந்திடுச்சு...'

கூடம் உச்சுக்கொட்டியது. எழுதிய கருத்தாளர் மேடைக்கு வரலாம் என்றார். மூன்று பேர் வந்தார்கள். மூவரும் தாம்தான் எழுதியதாகச் சொன்னார்கள். ஒருவர் அந்த நடுங்கும் கையைத் தாம் ஒரு குறியீடாக வைத்ததாக விளக்கவும் ஆரம்பித்தார்.

மூன்றாவது வரிசையில் என் மனைவி எழுந்து நின்றாள்.

"அத நான் எழுதினேன்."

தலைவர் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார். "எந்தப் பிரிவு அம்மா நீங்கள்?"

"ரத்தப் பரிசோதனை."

ஏறுகோடு பெயர்ப் பட்டியலைப் புரட்டினார். "அப்படி ஒரு பிரிவு நம்மகிட்ட இல்லீங்க ஐயா."

"வெளியாளின் கருத்தைப் பரிசுக்கு எடுத்துக்கொள்ள முடியாது," என்றார் தலைவர் கனிவாக. "நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?"

"இருக்கு. இன்னும் நாலு மாசத்துல அழுதுக்கிட்டு வெளிய வரும்."

 மைத்துனன் எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்தான். ஏறுகோடு தலைவரின் காதருகே குனிந்து, இதை வளர்ச்சியில் சேர்ப்பதா பின்னடைவில் சேர்ப்பதா என்று கேட்டது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

நான் படி இருப்பதை மறந்து மேடையிலிருந்து குதித்தேன். பொன்னாடை எங்கோ மாட்டிக் கிழிந்தது. அவள் முன்னால் போய் நின்றேன்.

"நீயா?"

"நான்தான்."

"அந்தப் பதில் மிஷின் போட்டதும்மா. சத்தியமா நான் போடல."

"மிஷின்னு எனக்கும் அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. எல்லாருக்கும் அதே பதில்தான் போட்டிருந்துச்சு. ஆனா நீங்க படிச்சீங்கல்ல? படிச்சும் நான்னு தெரியலல்ல உங்களுக்கு? அத்தன பேருக்கு நடுவுல என் பேச்சு எதுன்னு தெரியலல்ல?" அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். "நீங்களா கேப்பீங்க, கேப்பீங்கன்னு ஒவ்வொரு நாளும் பாத்தேன். சாப்டியா, சாப்டியான்னுதான் கேக்குறீங்க. நானும் ரெண்டு பேருக்குச் சேத்துச் சாப்டுட்டு இருக்கேன்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. முன்வரிசைக்காரர் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டார். மேடையில் ஏறுகோடு, "சார், ஏற்புரை, ஏற்புரை," என்று கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். மூன்று கருத்தாளர்களில் யாருக்குப் பரிசு என்று முடிவு செய்ய ஒரு குழு அமைக்கப்படுவதாகப் பின்னால் அறிவிப்பு கேட்டது.

அன்றைக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. பெயரை எடுக்கச் சொல்லி விண்ணப்பித்தேன், நிறுவனர் என்பது நிரந்தரப் பதவி என்று பதில் வந்தது. கடையில் சொல்லி என் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். அவள் ஷிப்டும் என் நேரமும் இப்போது ஓரளவு ஒத்துப்போகின்றன. ஆரம்பத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசவே எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவள் ஏதாவது கேட்டால் நான் பதிலை மனசுக்குள் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்வேன். "சீக்கிரம் சொல்லுங்க," என்பாள்.

தளம் இன்றும் இருக்கிறது. வருடா வருடம் வளர்கிறது. மேல்மாடியில் இப்போது ஐந்நூறு பேராம். அவர்கள் எழுதுகிற கணவனும் மனைவியும் அங்கே நரிக்குக் கீழே அமோகமாக வாழ்கிறார்கள். அவர்களுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. போன வருடம் பிறந்தவை, இப்போதே பள்ளிக்கூடம் போகின்றன, இரண்டும் முதல் மதிப்பெண். இந்த வருடம் மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். பின்னடைவு என்று பார்த்தால், அனுமதி வாங்கி, ஒரு தேதியில், இருவருக்கும் லேசாக ஜலதோஷம். இதையெல்லாம் மைத்துனன்தான் வந்து சொல்வான்.

எங்கள் வீட்டில் ஒன்றுதான். பெண். அவள் வயதுக் குழந்தைகள் எல்லாம் ஓடுகிறார்கள், இவள் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள், இரண்டு அடி வைப்பாள், பொத்தென்று உட்கார்ந்துகொள்வாள். நேற்றும் உட்கார்ந்தாள். எனக்குக் கவலையாகப் போய்விட்டது.

"என்ன இது, வளர்ச்சியே காணோமே," என்றேன்.

"விழட்டும் விடுங்க. இப்ப என்ன அவசரம்?" என்றாள் அவள் அம்மா, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்து.